தக்கலைப் பெட்டியில் இருந்த உறை

போன ஆனிச் சாரலில், தக்கலைக்குப் பக்கத்து விளை ஒன்றிலிருந்து ஒரு அக்கா என்னைத் தேடி நாகர்கோவிலுக்கு வந்தார். கூடவே கல்லூரியில் படிக்கும் மகன். அவன் கையில், துண்டில் சுற்றிய, சட்டம் போட்ட ஒரு படம்.

"சாரே, இது ஆம்ஸ்ட்ராங்குக்க கையெழுத்தாக்கும். அப்பாக்க பெட்டியில இருந்தது. எவ்வளவு போகும்னு நீங்க சொல்லணும்."

அவருடைய அப்பா திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா ராக்கெட் ஏவுதளத்தில் தொழில்நுட்பப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் குழித்துறையில் ரயிலேறி, ராத்திரி வீடு திரும்பிய தலைமுறை. இரண்டு வருஷத்துக்கு முன் காலமானார். சந்திரனுக்குப் போன மூன்று பேரும் பம்பாய் வந்தபோது உறவுக்காரர் ஒருவர் வாங்கி அனுப்பிய கையெழுத்து இது என்று அந்த வீட்டில் ஐம்பது வருஷமாகப் பேச்சு. அக்காவின் மகளுக்கு நர்சிங் படிப்புக் கட்டணம் கட்ட வேண்டிய நேரம். ஆம்ஸ்ட்ராங் கையெழுத்து ஏலத்தில் லட்சக்கணக்கில் போவதைப் பையன் கைப்பேசியில் பார்த்திருக்கிறான். அந்த நம்பிக்கையோடு வந்திருந்தார்கள்.

நான் விண்வெளி சம்பந்தப்பட்ட அஞ்சல் உறைகளையும் கையெழுத்துகளையும் சேர்க்கிறவன். வாங்கி விற்கும் தொழில் கிடையாது. பார்த்துச் சொல்லச் சொன்னால் சொல்வேன்.

படம்

அப்போலோ 11 குழுவின் படம். வெள்ளை விண்வெளி உடையில் நீல் ஆம்ஸ்ட்ராங், மைக்கேல் காலின்ஸ், பஸ் ஆல்ட்ரின். கீழே மூன்று கையெழுத்து. பூஞ்சை பிடிக்கத் தொடங்கியதால் பத்து வருஷத்துக்கு முன் ஒரு கடையில் கொடுத்து லேமினேட் செய்திருந்தார்கள்.

ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தேன். பேனாவால் எழுதிய மை, படத்தின் மேல் தனியாக உட்கார்ந்திருக்கும். வெளிச்சம் சாய்வாக விழுந்தால் காகிதம் ஒரு விதமாகவும் மை வேறு விதமாகவும் மின்னும். பால்பாயிண்ட் பேனா என்றால் காகிதத்தில் லேசாகக் குழி விழுந்திருக்கும். லேமினேஷன் இவை எல்லாவற்றையும் மூடிவிடும் என்பதால் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை எடுத்தேன். முகங்கள் சின்னச் சின்ன அச்சுப் புள்ளிகளால் ஆகியிருந்தன. கையெழுத்துகளும் அதே புள்ளிகள்தான். படத்தோடு சேர்த்து அச்சடித்தவை.

இந்த மாதிரிப் படங்கள் அந்தக் காலத்தில் ஏராளமாக அச்சாகி, கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுக்கப்பட்டன. கையெழுத்தும் சேர்ந்து அச்சாகியிருப்பதால் வாங்கியவர் அதை அசல் என்று நினைத்ததில் தப்பே இல்லை. பம்பாய்க் கதையிலும் பாதி உண்மை. 1969 அக்டோபரில், உலகச் சுற்றுப்பயணத்தின் நடுவே மூவரும் பம்பாய்க்கு வரத்தான் செய்தார்கள். காலப்போக்கில் வருகையும் படமும் ஒரே கதையாக ஒட்டிக்கொண்டுவிட்டன. வீட்டில் யாரும் பொய் சொல்லவில்லை.

அச்சுக் கையெழுத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். சிரமம் தருவது ஆட்டோபென். ஒரு கையெழுத்தின் அச்சுவார்ப்பை வைத்துக்கொண்டு, அசல் பேனாவைப் பிடித்து எழுதும் இயந்திரம் அது. அப்போலோ காலத்தில் வந்து குவிந்த கடிதங்களுக்குப் பதில் அனுப்ப நாசா இதைப் பயன்படுத்தியது. மை அசல், காகிதத்தில் குழி அசல், கை மட்டும் இல்லை. மனிதர் எழுதினால் தொடக்கத்தில் ஒரு வேகம், திருப்பத்தில் ஒரு அழுத்தம், முடிவில் ஒரு இழுப்பு இருக்கும். இயந்திரம் எழுதினால் கோடு முழுக்க ஒரே தடிமன். தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் பேனா நின்ற பொட்டு. அதைவிட உறுதியான சோதனை ஒன்று உண்டு. எந்த மனிதரும் ஒரே கையெழுத்தை இரண்டு தடவை அச்சு அசலாகப் போட மாட்டார். இரண்டு பிரதிகளை மேலே மேலே வைத்து விளக்கில் பிடித்தால் இம்மி பிசகாமல் பொருந்துகிறதா, இயந்திரம்தான். ஒவ்வொரு வீரருக்கும் எத்தனை வார்ப்புகள் இருந்தன என்று சேகரிப்பவர்கள் படத்தோடு பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள்.

அப்போலோ 11 மூவர் கையெழுத்துக்கு இவ்வளவு போலி ஏன்? ஆம்ஸ்ட்ராங்தான் காரணம். 1994 வாக்கில் அவர் கேட்டவர்களுக்குக் கையெழுத்துப் போடுவதை நிறுத்திவிட்டார். தான் போடுகிற கையெழுத்து விற்பனைக்குப் போவதும், போலிகள் பெருகுவதும் அவருக்குப் பிடிக்கவில்லை. 2012இல் இறந்தும் போனார். ஆல்ட்ரினும் காலின்ஸும் அதற்குப் பிறகும் கையெழுத்திட்டு வந்தார்கள். ஆக, மூவரும் சேர்ந்த ஒரு படத்தின் விலை ஆம்ஸ்ட்ராங் என்கிற ஒரே மடையில் முட்டி நிற்கிறது. குளத்தில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் மடை திறக்கிற அளவுதானே வயலுக்குப் பாயும்.

விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னேன். அக்கா படத்தைத் திரும்பத் துண்டில் சுற்றினார். "அப்போ இது ஒண்ணுமே இல்லியா சாரே?"

படத்துக்கு விலை இல்லை, பையனின் பாட்டா பத்திரமாக வைத்திருந்த பொருள் என்ற மதிப்பு இருக்கிறது என்றேன். அந்த நேரத்தில் அது அவர்களுக்கு ஆறுதலாக இருந்திருக்காது.

பெட்டி

யார் எதைக் கொண்டுவந்தாலும், கூட வேறென்ன இருந்தது என்று கேட்பது என் வழக்கம். ஒரு ஆள் ஒரு பொருளை மட்டும் சேர்ப்பது அபூர்வம்.

பையன் யோசித்துச் சொன்னான்: "ராக்கெட் ஸ்டாம்பு ஒட்டின ஒரு கவர் கெடக்கு. அதுல யாரோ கிறுக்கியிருக்கு. பூச்சி அரிக்காம இருக்க லேமினேட் பண்ணக் குடுக்கலாம்னு எடுத்து வச்சிருக்கோம்."

"கொடுக்காதே மக்கா. நாளைக்கு நானே வாறேன்" என்றேன்.

மறுநாள் மழையிலேயே பஸ் ஏறினேன். கட்டிலுக்கு அடியில் ட்ரங்குப் பெட்டி, அதற்குள் பிஸ்கட் டின். 1984 ஏப்ரல் மாதச் செய்தித்தாள் துண்டுகள், சோவியத் பேட்ஜ் ஒன்று, அலுவலக டைரி ஒன்று. டைரியின் நடுப்பக்கத்தில் அந்த உறை.

இந்திய அஞ்சல் துறையின் முதல்நாள் உறை, அதாவது அஞ்சல் தலை வெளியாகும் அன்றே அதை ஒட்டி முத்திரை குத்திய உறை. இந்திய–சோவியத் கூட்டு விண்வெளிப் பயணத்துக்காக வெளியான மூன்று ரூபாய் அஞ்சல் தலை. 1984 ஏப்ரல் 3 முத்திரை. உறையின் இடது பக்கம், நீல பால்பாயிண்டில் ருஷ்ய எழுத்தில் இரண்டு கையெழுத்து. கீழே கறுப்பு மையில் ஆங்கிலத்தில் ஒன்று. வீட்டில் யாருக்கும் ருஷ்ய எழுத்து தெரியாததால் அது கிறுக்கல் ஆகிவிட்டது. ஆங்கிலக் கையெழுத்தும் ஒரே இழுப்பாக இருந்ததால் படிக்க வரவில்லை.

சோயுஸ் டி-11 விண்கலத்தின் குழு. யூரி மாலிஷெவ், கென்னதி ஸ்திரேகாலோவ், ராகேஷ் சர்மா.

என் கை நடுங்கியதை மறைக்கவில்லை. அக்காவிடம் உட்காரச் சொல்லிவிட்டு, யார் யார் என்று விளக்கினேன். 1984 ஏப்ரல் 3 அன்று பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து கிளம்பினார்கள். சோவியத்தின் சல்யூத் 7 விண்வெளி நிலையத்தில் ஏற்கெனவே மூன்று பேர் இருந்தார்கள். ராகேஷ் சர்மா 7 நாள் 21 மணி 40 நிமிடம் விண்வெளியில் இருந்துவிட்டு ஏப்ரல் 11 அன்று தரையிறங்கினார். மூவருக்கும் இந்தியா அசோக சக்கரம் வழங்கியது. ருஷ்யர் இருவருக்கும் சேர்த்துத்தான். அது நம்மில் பலருக்கு நினைவில்லை.

பெயர் தெரியாதவர்

இங்கேதான் பையன் நல்ல கேள்வி கேட்டான். "ராகேஷ் சர்மா கையெழுத்து இருக்கதுனாலதான விலை?"

இல்லை. இந்த உறையைப் பொறுத்தவரை விலையைப் பிடித்து வைத்திருப்பவர் மாலிஷெவ்.

குழுக் கையெழுத்தின் கணக்கு தனிக் கையெழுத்தின் கணக்கிலிருந்து வேறுபட்டது. மூவரில் யார் புகழ் பெற்றவர் என்பது இரண்டாவது கேள்வி. யாருடைய கை முதலில் நின்றது, யார் குறைவாக எழுதினார் என்பதுதான் முதல் கேள்வி. ராகேஷ் சர்மா நம்மிடையே இருக்கிறார், பல பத்தாண்டுகளாகக் கையெழுத்திட்டிருக்கிறார். ஸ்திரேகாலோவ் ஐந்து தடவை விண்வெளிக்குப் போனவர்; 1995 வரை பறந்தார்; 2004 டிசம்பரில் இறந்தார். மாலிஷெவ் பறந்தது இரண்டே தடவை, 1980இலும் 1984இலும். 1999 நவம்பரில் இறந்துவிட்டார். அந்த மாதத்துக்குப் பிறகு இந்த மூவர் கூட்டுக் கையெழுத்து புதிதாக ஒன்றுகூட உருவாக முடியாது. இந்தியாவில் ராகேஷ் சர்மாவிடம் மட்டும் கையெழுத்து வாங்கிய உறைகள் நிறைய உண்டு. அவை இனி ஒருபோதும் மூவர் உறையாக மாறாது.

ஸ்திரேகாலோவைப் பற்றி ஒன்று சொல்லாமல் நகர மனமில்லை. 1983 செப்டம்பர் 26 அன்று அவரும் விளாதிமிர் தித்தோவும் பைக்கனூரில் ராக்கெட்டின் உச்சியில் உட்கார்ந்திருந்தபோது அடியில் தீப்பிடித்தது. ராக்கெட் வெடிப்பதற்குச் சில நொடி முன்னால் தப்பிக்கும் அமைப்பு அவர்கள் இருந்த கலத்தைப் பிய்த்துக்கொண்டு மேலே பறந்தது. சில கிலோமீட்டர் தள்ளி உயிரோடு இறங்கினார்கள். அடுத்த ஏப்ரலில் அதே மனிதர் நம் ஆளோடு மறுபடியும் ராக்கெட்டில் ஏறினார். டைரிக்குள் கிடந்த அந்த நீலக் கோட்டுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

இதே கணக்கு வேறு குழுக்களிலும் ஓடுகிறது. 1967 ஜனவரி 27 அன்று தரைச் சோதனையிலேயே தீயில் இறந்த அப்போலோ 1 குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். கிரிஸ்ஸம் ஏற்கெனவே இரண்டு தடவை பறந்தவர். ஒயிட், விண்வெளியில் நடந்த முதல் அமெரிக்கர். இருவரும் பேர் பெற்று, ஊர் ஊராகக் கையெழுத்திட்டவர்கள். ரோஜர் சாஃபி ஒரு தடவைகூடப் பறக்கவில்லை. மூவரில் தேடிப்பிடிக்கக் கடினமானது அவர் கையெழுத்துதான்.

கல்பனா சாவ்லா போன கொலம்பியா குழு ஏழு பேர். 2003 பிப்ரவரி 1 அன்று திரும்பும் வழியில் எல்லோரும் இறந்தார்கள். ஹஸ்பண்ட், ஆண்டர்சன், கல்பனா மூவரும் முன்பே ஒரு தடவை பறந்தவர்கள். மெக்கூல், பிரவுன், கிளார்க், இஸ்ரேலின் இலான் ரமோன் நால்வருக்கும் அது முதல் பயணம். போய் வந்த பிறகு போடுகிற கையெழுத்து என்று ஒன்று அவர்களுக்கு வாய்க்கவே இல்லை. ஏழு பேரும் ஒரே படத்தில் கையெழுத்திட்டிருந்தால் அது கிளம்புவதற்கு முந்தைய பயிற்சிக் காலத்துப் படம். அதைக் கையில் வைத்திருக்கும்போது விலையைப் பற்றிப் பேசவே எனக்கு மனசு வராது. ஆனாலும் விலை ஏறுவதன் காரணம் அதுதான்: ஏழு கைகளும் ஒரே நாளில் நின்றன.

வந்த வழி

சரி, மாலிஷெவ் கையெழுத்து தக்கலைக்கு எப்படி வந்தது? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண். சந்தையில் ஒரு கையெழுத்தை வாங்குபவர் மையை மட்டும் வாங்குவதில்லை. அந்த வீரரின் மேசையிலிருந்து தன் கைக்கு அது எந்தெந்தக் கை மாறி வந்தது என்ற கதையையும் சேர்த்துத்தான் வாங்குகிறார். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் பாதிப் பேர் விலகிவிடுவார்கள்.

தும்பா இந்தியாவுக்கு மட்டும் சொந்தமான இடமாக அப்போது இருக்கவில்லை. 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து கிளம்பிய முதல் ராக்கெட்டே அமெரிக்காவின் நைக்-அப்பாச்சி. 1970க்குப் பிறகு, மேல்வளி ஆய்வுக்காக சோவியத் யூனியனின் எம்-100 ராக்கெட்டுகள் அங்கிருந்து ஏவப்பட்டு வந்தன. அந்த வேலைக்கு வந்த ருஷ்யர்களோடு பாட்டாவுக்குப் பழக்கம்.

அக்காவுக்கு அது நினைவிருந்தது. "ரஷ்யக்கார மாமா வீட்டுக்கு வந்திருக்கார் சாரே. அம்மா மரச்சீனியும் மீன்கறியும் வச்சுக் குடுத்தா. கண்ணுல தண்ணி வர வரத் தின்னார்."

டைரியில் பாட்டாவின் குறிப்பு இரண்டு இடத்தில் இருந்தது. 1985இல் ஒரு வரி: உறை மாஸ்கோவுக்குக் கொடுத்துவிடப்பட்டது. எட்டு மாதம் கழித்து இன்னொரு வரி: உறை கிடைத்தது, இரண்டும் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம் செருகியிருந்தது. ருஷ்யத்தில் இரண்டு வரி. ருஷ்யம் படித்த நண்பர் ஒருவருக்குப் படமெடுத்து அனுப்பினேன். நீ கேட்டபடி இருவரும் எழுதிக் கொடுத்தார்கள், உன் மனைவிக்கு என் வணக்கம் என்று இருந்தது. மூன்றாவது கையெழுத்து 1993இல் பெங்களூருவில் வாங்கியதாகக் கடைசி அட்டையில் குறித்திருந்தார்.

ஆக ஒரு உறையை முடிக்க எட்டு வருஷம் காத்திருந்திருக்கிறார்.

இந்தக் குறிப்புகள் மையோடு ஒத்துப்போகின்றனவா என்பது அடுத்த சோதனை. ருஷ்யக் கையெழுத்து இரண்டும் ஒரே பேனா, ஒரே நீலம், கோட்டின் தடிமனும் ஒன்று. சர்மாவின் கையெழுத்து வேறு மை. குறிப்புப்படி இருக்க வேண்டியதும் அதுதான். மூன்றும் ஒரே பேனாவில் இருந்திருந்தால் நான் சந்தேகப்பட்டிருப்பேன். லென்ஸில் அச்சுப் புள்ளி இல்லை. பால்பாயிண்ட் பதிந்த குழி உறையின் பின்பக்கம் விரலுக்குத் தட்டுப்பட்டது. 1980களில் அவர்கள் போட்ட, வந்த வழி தெரிந்த மாதிரிகளோடு ஒப்பிட்டேன். எழுத்துகளின் சரிவும் வேகமும் பொருந்தின; ஆனால் எந்த மாதிரியோடும் அச்சு அசலாக ஒன்றிவிடவில்லை. இரண்டுமே நல்ல அறிகுறி.

பலவீனமும் சொல்ல வேண்டும். மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து போட்டதல்ல இது. ஒரே நேரத்தில் போட்ட குழுக் கையெழுத்துக்கு மதிப்பு இன்னும் கூடுதல். அப்புறம், மேல் ஓரத்தில் பழுப்புப் புள்ளிகள் தொடங்கியிருந்தன. இரண்டு பருவமழையும் பெய்யும் ஊரில் காகிதத்துக்கு இது விதி. கையெழுத்தைப் புள்ளிகள் தொடவில்லை.

பறந்ததா, பறக்கவில்லையா

"இது ஸ்பேஸுக்குப் போயிட்டு வந்ததா அங்கிள்?" என்றான் பையன். போகவில்லை. முத்திரை நம் அஞ்சல் துறையுடையது, தரையில் குத்தியது. விற்பவர்கள் மங்கலாக்கிவிடும் இடம் இது என்பதால் அவனுக்கு அப்போலோ 15 கதையைச் சொன்னேன்.

1971 ஜூலை 26 அன்று ஸ்காட், வோர்டன், இர்வின் மூவரும் சந்திரனுக்குக் கிளம்பினார்கள். அனுமதி பெற்ற உறைகளோடு, அதிகாரிகளிடம் சொல்லாமல் சுமார் 400 உறைகளை ஸ்காட் விண்வெளி உடையின் பையில் கொண்டுபோனார். 398 உறைகள் சந்திரத் தரைக்குப் போய்த் திரும்பின. கடலில் இறங்கியதும் மீட்புக் கப்பலில் அஞ்சல் தலை ஒட்டி முத்திரை குத்தி, பிறகு மூவரும் கையெழுத்திட்டார்கள். அவற்றில் 100 உறைகள் ஹெர்மன் சீகர் என்ற ஜெர்மன் அஞ்சல் தலை வணிகருக்குப் போயின. ஒன்று 4,850 மார்க் என்று விற்றார். 1972இல் செய்தி வெளியே வந்து மூவரும் கண்டிக்கப்பட்டார்கள். அதன் பிறகு அந்த மூவரில் யாரும் விண்வெளிக்குப் பறக்கவில்லை. மிச்சம் 298ஐ அரசு எடுத்து வைத்துக்கொண்டது. வோர்டன் வழக்குத் தொடுத்து 1983இல் திரும்ப வாங்கினார்.

அவமானமாக முடிந்த அந்தக் காரியத்தின் உறைகள் இன்று மிகவும் தேடப்படுகின்றன. சந்திரனைத் தொட்டவை, எண்ணிக்கை நூலிழை பிசகாமல் தெரியும், விசாரணையே அவற்றின் வரலாற்றை ஆவணமாக்கிவிட்டது. எத்தனை இருக்கிறது, எப்படி வந்தது என்று இவ்வளவு துல்லியமாகத் தெரிந்த கையெழுத்து உறை குறைவு.

பறக்காத உறையிலும் உயர்ந்தது உண்டு. அப்போலோ 11 மூவரும் கிளம்புமுன் கட்டுக்கட்டாக உறைகளில் கையெழுத்திட்டு வீட்டில் விட்டுப்போனார்கள். பெரிய தொகைக்கு ஆயுள் காப்பீடு எடுப்பது அவர்கள் சம்பளத்துக்கு எட்டாத காரியம். தாங்கள் திரும்பாவிட்டால் குடும்பம் அவற்றை விற்றுப் பிழைக்கட்டும் என்ற ஏற்பாடு. காப்பீட்டு உறை என்றே அவற்றுக்குப் பெயர். அக்கா அதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

என்ன செய்தோம்

தொகையைக் குடும்பத்திடம் மட்டும் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பதை எழுதலாம்: இணையத்தில் விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்கவில்லை. இதே குழுவின் உறைகள் ஏலத்தில் உண்மையில் எந்த விலைக்கு முடிந்தன என்பதை மட்டும் எடுத்துக்கொண்டேன். கேட்கும் விலை ஆசை. முடிந்த விலைதான் விலை. அப்போலோ படத்துக்கு அவர்கள் நினைத்திருந்த தொகை இதற்கு வராது. நர்சிங் கட்டணத்தில் ஒரு பகுதிக்கு உதவும்.

விற்பதா வேண்டாமா என்று அவர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. அவசரப்படுத்தவும் நான் விரும்பவில்லை. உறையை ட்ரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து, அமிலமில்லாத அட்டையோடு மைலார் என்னும் பிளாஸ்டிக் கூட்டில் போட்டு, வெயில் படாத, காற்றோட்டமுள்ள அலமாரியில் நிறுத்தி வைத்தோம். கூடவே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம்; மழைக்காலத்தில் மாதம் ஒரு தடவை மாற்ற வேண்டும். பழுப்புப் புள்ளியைத் துடைக்கவோ வெளுக்கவோ கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். டைரியும் துண்டுக் காகிதமும் உறையை விட்டுப் பிரியக்கூடாது. லேமினேஷனுக்குள் உறை போயிருந்தால் குழியும் மையும் பார்க்க வழியில்லாமல், சூட்டில் பசை இளகி, திரும்ப எடுக்க முடியாத பொருளாகியிருக்கும்.

இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் இந்த விஷயத்துக்கும் உள்ள உறவை நினைத்தால் எனக்குப் பதைப்பாக இருக்கிறது. இஸ்ரோவுக்கு கே. சிவன், வி. நாராயணன் போன்ற தலைவர்களைக் கொடுத்த மண் இது. தும்பாவிலும் வலியமலையிலும் மகேந்திரகிரியிலும் வேலை பார்த்து ஓய்ந்தவர்களின் வீடுகள் கல்குளத்திலும் விளவங்கோட்டிலும் எத்தனையோ. அந்த வீடுகளின் கட்டிலுக்கடியில் இன்னும் எத்தனை பிஸ்கட் டின்கள்! படிக்க முடியாத எழுத்து எதைப் பார்த்தாலும் கடைக்கு எடுத்துப்போகும் முன் யாரிடமாவது காட்டுங்கள்.

கடைசியாக ஒரு வேலை பாக்கி இருந்தது. அக்காவுக்குத் தெரிந்ததை எல்லாம் அவர் சொல்லச் சொல்லப் பையன் வெள்ளைத் தாளில் எழுதினான்: அப்பா எந்த வருஷம் தும்பாவில் சேர்ந்தார், ருஷ்யர் எப்போது வந்தார், உறை திரும்பி வந்த அன்று வீட்டில் யார் இருந்தார்கள். மரச்சீனியும் மீன்கறியும் வந்த இடத்தில் அவன் பேனாவை நிறுத்தினான்.

"இதையும் எழுதணுமா சாரே?" என்று அக்கா கேட்டார்.

எழுதணும் என்றேன். எழுதி முடித்ததும் அடியில் தேதி போட்டு, அவர் தன் கையெழுத்தை இட்டார்.